72 மணி நேரம்: மும்பை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

எச்.ஐ.வி தடுப்பு பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப் ஹில், செம்பூர், ஐரோலி என்று பல இடங்களிலிருந்து வந்தன. எழுதியவர்களில் பெரும்பாலோர் தன்பால் ஈர்ப்புள்ள ஆண்களும் திருநங்கைகளும். பெயர்களை எடுத்துவிட்டோம். கடிதங்களைப் படித்தபோது மனதை அறுத்தது ஒரே வரிதான்: "கேட்கக் கூச்சமாக இருந்தது, பத்து நாள் விட்டுவிட்டேன்." இந்த விஷயத்தில் பத்து நாள் ரொம்பப் பெரிய காலம். அதனால் மணிக்கணக்கு உள்ள கேள்வி முதலில்.

சனிக்கிழமை ராத்திரி ஆணுறை கிழிந்துவிட்டது. அவருக்கு எச்.ஐ.வி உண்டா இல்லையா தெரியாது. ஒரு வாரம் கழித்து டெஸ்ட் எடுத்தால் போதுமா? (தாராவி)

போதாது. ஒரு வாரத்தில் எடுக்கும் டெஸ்ட் அந்த இரவைப் பற்றி எதுவுமே சொல்லாது. அதைவிட, அந்த ஒரு வாரத்துக்குள் தடுக்கும் வாய்ப்பு கைவிட்டுப் போய்விடும்.

வைரஸ் உள்ளே நுழைந்த உடனே ரத்தம் முழுக்கப் பரவிவிடுவதில்லை. நுழைந்த இடத்துச் சவ்வில் முதலில் பிடித்துக்கொண்டு, இரண்டு மூன்று நாளில் பக்கத்து நிணநீர்க் கணுக்களுக்குப் போகிறது. அதற்குள் மருந்து ரத்தத்தில் இருந்தால் அது காலூன்றாமல் தடுக்கலாம். இந்த மருந்துமுறைக்குப் பெப் என்று பெயர். 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்; முதல் இரண்டு மணி நேரத்தில் தொடங்கினால் ரொம்ப நல்லது. 71ஆவது மணியில் போய் நிற்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு மணியும் தள்ளிப்போகப் பலன் குறைகிறது.

கிழிந்தது தெரிந்ததும் வெளிப்புறத்தைத் தண்ணீரும் சாதாரண சோப்பும் போட்டுக் கழுவுங்கள். உள்ளே பீய்ச்சிக் கழுவ வேண்டாம், டெட்டால் கிட்டேயே வரக்கூடாது. மலக்குடலின் உள்சுவர் ஒரே ஒரு அடுக்குச் செல்லால் ஆனது. அதைக் கழுவித் தேய்த்தால் வைரஸுக்கு நாமே கதவு திறந்துவிட்ட மாதிரி ஆகும். மற்றவருக்கு எச்.ஐ.வி இருந்து, அவர் மருந்து எடுக்காதவராகவும் இருந்தால், ஆணுறையில்லாத ஆசனவழி உறவில் ஏற்பவருக்குப் பத்தாயிரம் தடவைக்கு 138 என்ற அளவிலும், செலுத்துபவருக்கு 11 என்ற அளவிலும் தொற்று வாய்ப்பு இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பயந்து ஒடுங்க வேண்டிய எண் இல்லை. ஆனால் மருந்து எடுக்காமல் விட்டுவிடக்கூடிய எண்ணும் இல்லை.

எங்கே போவது? பகலில் பெரிய அரசு அல்லது மாநகராட்சி மருத்துவமனையில் எச்.ஐ.விக்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி மையம். தாராவிக்காரர்களுக்குச் சயான் மருத்துவமனை நடக்கிற தூரம். ராத்திரியோ ஞாயிறோ என்றால் அவசரப் பிரிவு. "கண்டோம் ஃபட் கயா, பெப் சாஹியே" (ஆணுறை கிழிந்துவிட்டது, பெப் வேண்டும்) என்று இந்தியில் சொன்னால் போதும். யாரோடு, எங்கே என்ற விவரம் வராந்தாவில் நின்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனை மணிக்கு நடந்தது, எந்த வகை உறவு, உங்களுக்கு வேறு என்ன மாத்திரை ஓடுகிறது, இந்த மூன்றும்தான் டாக்டருக்குத் தேவை. அரசு இருப்பில் உள்ள பெப் மருந்து முக்கியமாக ஊசி குத்திக்கொண்ட மருத்துவப் பணியாளருக்கும் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கும் என்று வைக்கப்பட்டது. அதனால் சம்மதத்தோடு நடந்த உறவு என்றால் சில இடங்களில் தயங்குவார்கள். அங்கே வாதாடி அரை நாளை இழக்காதீர்கள். தனியார் டாக்டரிடம் சீட்டு வாங்கி, பெரிய மருத்துவமனை வாசலில் உள்ள மருந்துக்கடையில் கேளுங்கள். தன்பால் ஈர்ப்புள்ளவர்களுக்கும் திருநர்களுக்குமாக 1994இலிருந்து இயங்கும் ஹம்சஃபர் டிரஸ்ட் போன்ற அமைப்புகளிடம் எந்த டாக்டர் முகம் சுளிக்காமல் எழுதித் தருவார் என்று கேட்கலாம். 1097 என்ற தேசிய எய்ட்ஸ் உதவி எண் கட்டணமில்லாதது.

மாத்திரை ஒன்றுதான்: டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெகிராவிர் 50 மில்லிகிராம் சேர்ந்தது. தினம் ஒன்று, ஒரே நேரத்தில், 28 நாள். எச்.ஐ.வி, ஹெபடைடிஸ் பி, கிரியாட்டினின் (சிறுநீரகம்) டெஸ்டுகளுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, ரிசல்ட்டுக்குக் காத்திராமல் முதல் மாத்திரையை விழுங்குங்கள்.

பெப் தோற்றுப்போவதற்குப் பெரும்பாலும் மருந்து காரணமில்லை. எட்டாம் நாள் குமட்டலாக இருக்கிறது, உடம்பும் நன்றாகத்தான் இருக்கிறது என்று நிறுத்திவிடுவார்கள். குமட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கப்போகும் முன் எடுங்கள். இன்னொரு தவறு ஜெலுசில் மாதிரியான அமிலமுறிவு மருந்து. அதில் உள்ள அலுமினியமும் மெக்னீசியமும் டோலுடெகிராவிரைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. பெப் மாத்திரையை அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போதான் எடுக்க வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே கணக்கு. ஆனால் கால்சியத்தையும் இரும்புச்சத்தையும் மட்டும், சாப்பாட்டோடு எடுத்தால், பெப் மாத்திரையோடு ஒன்றாக எடுக்கலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். ஒரு வேளை மறந்தால் ஞாபகம் வந்ததும் ஒன்று. மறுநாள் இரண்டாக அல்ல.

பிறகு 6 வாரத்திலும் 3 மாதத்திலும் டெஸ்ட். அதுவரை ஆணுறை. இப்படி ஒரு வருஷத்தில் இரண்டாவது தடவை பெப் கேட்டு நிற்கிறீர்கள் என்றால் உங்களுக்குப் பொருத்தம் அடுத்த கேள்வியில் உள்ள மருந்து.

பிரெப் என்று ஆப்பில் எல்லோரும் எழுதுகிறார்கள். தினமும் சாப்பிட வேண்டுமா? நான் மாதத்தில் இரண்டு மூன்று தடவைதான் யாரையாவது சந்திப்பேன். (ஐரோலி)

பெப் உறவு நடந்த பிறகு எடுப்பது. பிரெப் நடப்பதற்கு முன்பே எடுப்பது. பெயரில் ஒரு எழுத்துதான் வித்தியாசம். மருந்துக்கடையில் கேட்கும்போதும் குழப்பிக்கொள்கிறார்கள்.

பிரெப் மாத்திரையில் இரண்டு மருந்து: டெனோஃபோவிர் டைசோபிராக்சில் 300, எம்ட்ரிசிடாபின் 200. வாங்கும்போது அட்டையின் முன்பக்கப் பெயரை நம்பாதீர்கள், பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள். டென்விர்-ஈ.எம் என்பது சரியான கலவை. வெறும் டென்விர் என்றால் டெனோஃபோவிர் மட்டும்தான். கடைப்பையன் 'ஈ.எம் இல்லை, இது இருக்கு, எல்லாம் ஒண்ணுதான்' என்று நீட்டினால் வாங்காதீர்கள்.

தொடங்கும் முன் மூன்று டெஸ்ட் எடுத்தே ஆக வேண்டும். முதலாவது எச்.ஐ.வி: ஏற்கெனவே தொற்று இருப்பவர் இரண்டு மருந்தை மட்டும் எடுத்தால் வைரஸ் அந்த மருந்துகளுக்குப் பழகிவிடும், பிறகு சிகிச்சை சிக்கலாகும். கடந்த ஒரு மாதத்தில் காய்ச்சல், தொண்டைவலி, உடம்பில் தடிப்பு எல்லாம் சேர்ந்து வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அது புதுத் தொற்றாக இருக்கலாம். இரண்டாவது கிரியாட்டினின், சிறுநீரகத்துக்காக. ஜிம்முக்குப் போய் கிரியாட்டின் பவுடர் குடிப்பவர்களுக்கு இந்த எண் பொய்யாக ஏறிக் காட்டும், அதைச் சொல்லிவிடுங்கள். முதுகுவலிக்கு டைக்குளோஃபெனாக் வாரக்கணக்கில் போடும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். டெனோஃபோவிரோடு சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். மூன்றாவது ஹெபடைடிஸ் பி. இருந்தால் பிரெப் எடுக்கக் கூடாது என்றில்லை, ஆனால் விட்டுவிட்டு எடுக்கக் கூடாது. டெனோஃபோவிர் அந்த வைரஸையும் அடக்குகிறது, திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் வீங்கலாம்.

உங்கள் மாதிரி எப்போதாவது என்பவர்களுக்கு 2-1-1 முறை உண்டு. ஹார்மோன் எடுக்காத ஆண்களுக்கு மட்டும். உதாரணத்துக்குச் சனிக்கிழமை ராத்திரி 10 மணிக்குச் சந்திப்பு. மாலை 7 மணிக்கு இரண்டு மாத்திரை (உறவுக்கு 2 முதல் 24 மணி நேரம் முன்பு எப்போது வேண்டுமானாலும்). ஞாயிறு மாலை 7க்கு ஒன்று, திங்கள் மாலை 7க்கு ஒன்று. முடிந்தது. ஞாயிறு ராத்திரியும் அவர் அங்கேயே தங்கிவிட்டால் திங்களும் செவ்வாயும் ஒவ்வொன்று. கடைசி உறவுக்குப் பிறகு இரண்டு நாள் வரும்வரை தினம் ஒன்று, அவ்வளவுதான் விதி. இதில் ஆட்கள் தவறவிடுவது முதல் இரண்டு மாத்திரையை இல்லை, திங்கள் மாத்திரையைத்தான். ஆபீஸ் தொடங்கிவிடுகிறது, மறந்துபோகிறது. போனில் இரண்டு அலாரத்தையும் சனிக்கிழமையே வைத்துவிடுங்கள். சந்திப்பெல்லாம் முன்கூட்டித் தெரியாது, திடீரென்றுதான் நடக்கும் என்றால் இந்த முறை உங்களுக்கு வேண்டாம், தினசரி எடுங்கள்.

2010இல் வந்த ஐபிரெக்ஸ் என்ற பெரிய ஆய்வில் மொத்தப் பாதுகாப்பு 44 சதவீதம்தான். ஆனால் ரத்தத்தில் மருந்து இருந்தவர்களைத் தனியாகப் பார்த்தபோது அது 90 சதவீதத்தைத் தாண்டியது. அட்டையில் இருக்கிற மாத்திரை யாரையும் காப்பாற்றாது. முதல் மாதம் ஒரு டெஸ்ட், பிறகு 3 மாதத்துக்கு ஒருமுறை. பிரெப் எச்.ஐ.வியை மட்டும்தான் தடுக்கும். சிபிலிஸ், கொனோரியா மாதிரியான மற்றப் பால்வினை நோய்கள் அதைக் கண்டுகொள்ளாது.

மகன் பையில் டென்விர்-ஈ.எம் என்று ஒரு மாத்திரை பார்த்தேன். கூகுளில் போட்டால் எய்ட்ஸ் மருந்து என்கிறது. ராத்திரி தூக்கமே இல்லை. (செம்பூர், ஒரு அம்மா)

அம்மா, அந்த மாத்திரை வேறு மருந்துகளோடு சேர்ந்து சிகிச்சைக்கும் பயன்படும், உண்மை. ஆனால் அது தனியாக இருந்தால் பெரும்பாலும் எச்.ஐ.வி வராமல் தடுப்பதற்காக எடுப்பதுதான். அப்படியென்றால் உங்கள் பிள்ளை டாக்டரைப் பார்த்திருக்கிறார், டெஸ்ட் எடுத்திருக்கிறார், தன் உடம்பைக் கவனிக்கிறார். மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஒளித்தும் வைக்காதீர்கள்; இடையில் அறுந்தால்தான் ஆபத்து. கேட்டே ஆக வேண்டும் என்று இருந்தால், "மாத்திரை பார்த்தேன்டா, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்பதோடு நிறுத்துங்கள். மீதியை அவர் சொல்லுகிற நாளில் சொல்லட்டும்.

நான் திருநங்கை. ஹார்மோன் எடுக்கிறேன். பிரெப் சாப்பிட்டால் ஹார்மோன் வேலை செய்யாது, மார்பு வற்றிப்போகும் என்று ஜமாத்தில் (எங்கள் திருநங்கைக் குடும்பத்தில்) சொல்கிறார்கள். (ஆண்டாப் ஹில்)

அது தவறு, தோழி. பிரெப் உங்கள் ஈஸ்ட்ரோஜனைக் குறைக்காது. ஈஸ்ட்ரோஜன்தான் டெனோஃபோவிரின் அளவைச் சற்றுக் குறைப்பதாகத் தெரிகிறது. தினமும் தவறாமல் எடுத்தால் அந்தக் குறைவு பாதுகாப்பைப் பாதிக்காது. இதனால்தான் ஹார்மோன் எடுப்பவர்களுக்கு 2-1-1 முறை வேண்டாம் என்கிறார்கள். நீங்கள் தினம் ஒன்று. தொடங்கி 7 நாள் ஆன பிறகுதான் பாதுகாப்பு வந்ததாகக் கொள்ள வேண்டும். நிறுத்துவதானால் கடைசி உறவுக்குப் பிறகும் 7 நாள். திருநம்பிகளுக்கும் இதே 7 நாள் கணக்குத்தான்.

ஹார்மோனைப் பற்றி எங்களுக்குப் பெரிய கவலை வேறொன்று. ஒரே வீட்டில் நாலு சேலாக்கள் (குருவிடம் இருக்கும் இளைய திருநங்கைகள்) ஒரே நாளில் ஊசி போட்டுக்கொள்வது, சிரிஞ்ச் ஒன்று, ஊசிமுனையை மட்டும் மாற்றுவது. சிரிஞ்சின் கழுத்தில் தங்கும் ரத்தத்துளி கண்ணுக்குத் தெரியாது. எச்.ஐ.வியும் ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் அதில் போகும். ஒருவருக்கு ஒரு சிரிஞ்ச், ஒரு ஊசி. போட்டதும் உடைத்துத் தூரப் போடுங்கள். கருத்தடை மாத்திரையை நாலைந்தாக விழுங்கி ஹார்மோனுக்கு ஈடுகட்டுவதும் வேண்டாம். அதில் உள்ள எத்தினில் ஈஸ்ட்ராடியால் காலில், நுரையீரலில் ரத்தம் கட்ட வைக்கும், சிகரெட் பிடிப்பவருக்கு இன்னும் மோசம்.

நிர்வாணம் (ஆணுறுப்பை நீக்கும் அறுவைச் சிகிச்சை) ஆன பிறகு ஆணுறை தேவையில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. ஆசனவழி உறவில் அறுவைச் சிகிச்சையால் எதுவும் மாறுவதில்லை. புது யோனி அமைத்துக்கொண்டவர்களுக்கு அங்கே இயற்கையான ஈரம் மிகக் குறைவு, ஜெல் இல்லாமல் உரசினால் கீறும். புண் முழுக்க ஆறி டாக்டர் சரி என்று சொல்லும்வரை உறவே வேண்டாம்.

தந்தாவில் (பாலியல் தொழிலில்) இருப்பவர்களுக்கு: ஆணுறை இல்லாமல் வந்தால் 500 கூடத் தருகிறேன் என்பவனிடம் பேரம் நீண்டால் தோற்பது நீங்கள்தான். பேச்சு தொடங்கும் முன்பே உறையைப் பிரித்துக் கையில் வைத்துக்கொள்வது பலருக்குப் பயன்பட்டிருக்கிறது. அவன் முரண்டு பிடித்தாலும் உங்கள் ரத்தத்தில் மருந்து இருக்கிறது என்பதற்குத்தான் தினசரி பிரெப். மாத்திரையை அட்டையை விட்டுப் பிரித்துப் பர்ஸில் போடாதீர்கள், மழைக்காலத்தில் ரயிலில் நாள்பூராவும் அலைந்தால் நமுத்துவிடும். இரண்டு மூன்று மாத்திரை உள்ள துண்டாக அட்டையோடு வெட்டி எடுத்துப் போங்கள்.

ஆணுறை போட்டும் அடிக்கடி கிழிகிறது. இலவச நிரோத் தரம் சரியில்லையா? (சயான் கோலிவாடா)

கடிதத்தில் கீழே நீங்களே பதில் எழுதியிருக்கிறீர்கள்: "தேங்காய் எண்ணெய் போட்டுத்தான் செய்கிறோம்."

ஆணுறை ரப்பர் பாலில் செய்தது. எண்ணெய் ரப்பரை நெகிழ்த்துவிடும். வீட்டிலேயே பாருங்கள்: இரண்டு ஆணுறையை ஊதிக் கட்டுங்கள். ஒன்றில் மட்டும் விரலால் தேங்காய் எண்ணெய் தடவித் தேயுங்கள். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் மெலிந்து, பட்டென்று வெடிக்கும். மற்றது அப்படியே இருக்கும். வாஸ்லின், பேபி ஆயில், முகக் கிரீம், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், வெண்ணெய், எல்லாமே இப்படித்தான். தண்ணீரில் கரையும் ஜெல் வேண்டும். சிலிக்கான் ஜெல்லும் ரப்பருக்கு ஆகாதது இல்லை. எச்சில் இரண்டு நிமிஷத்தில் காய்ந்துவிடும், அதை ஜெல்லாக எண்ணக் கூடாது. களப்பணியாளர்களிடம் ஆணுறை வாங்கும்போது ஜெல் பாக்கெட்டையும் கேட்டு வாங்குங்கள்.

போடும் முறையில் கவனிக்க வேண்டியது: ஆணுறைப் பாக்கெட்டை விரலால் அமுக்கிப் பாருங்கள், உள்ளே காற்று மெத்தென்று இருக்க வேண்டும். காற்றில்லை என்றால் பாக்கெட்டில் ஓட்டை, தூரப் போடுங்கள். பல்லால் கிழிக்காதீர்கள். நுனியைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு அடிவரை உருட்டுங்கள்; நுனியில் காற்று தங்கினால் அங்கேதான் முதலில் வெடிக்கும். நுனிக்குள் ஒரு சொட்டு ஜெல், வெளியே தாராளமாக. நேரம் நீண்டால் நடுவில் மறுபடி ஜெல். எடுக்கும்போது அடியைப் பிடித்துக்கொண்டு, விறைப்பு அடங்கும் முன்பே எடுங்கள். இரண்டு ஆணுறையை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டால் பாதுகாப்பு இரண்டு மடங்கு ஆகாது, உரசிக் கிழியும். பேண்ட் பின்பாக்கெட்டில் மாதக்கணக்கில் உட்கார்ந்தே நசுக்கிய ஆணுறையை நம்ப வேண்டாம்.

மரத்துப்போகும் ஜெல் வேண்டவே வேண்டாம். வலி தெரியாமல் போனால் கிழிந்ததும் தெரியாது.

டெஸ்ட் எடுக்கப் போனால் ஆதார் கேட்பார்களா? தமிழ் ஆள் யாராவது பார்த்து வீட்டில் சொல்லிவிட்டால்? ரத்ததானம் செய்து தெரிந்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன். (தாராவி)

ரத்ததானம் மட்டும் வேண்டாம். தொற்று புதிது என்றால் அங்கே எடுக்கும் டெஸ்டிலும் சிக்காமல், ஒரு குழந்தைக்கோ பிரசவித்த பெண்ணுக்கோ போய்விடக் கூடும். 2017 வழிகாட்டுதலின்படி ஆணோடு உறவுகொள்ளும் ஆண்களும் திருநங்கைகளும் ரத்தமே கொடுக்க முடியாது. இப்படி ஒட்டுமொத்தமாக விலக்குவது சரியா என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்கு உண்டு, அந்த மனக்குறை நியாயமானது. அது வேறு, இது வேறு.

ஐ.சி.டி.சி என்ற அரசு எச்.ஐ.வி ஆலோசனை, பரிசோதனை மையத்தில் டெஸ்ட் இலவசம். பெயர், வயது, முகவரி கேட்பார்கள். டெஸ்டுக்கு ஆதார் காட்டியே ஆக வேண்டும் என்றில்லை. கவுன்சிலர் தனியறையில் பேசி, உங்கள் சம்மதம் வாங்கிய பிறகுதான் ரத்தம் எடுப்பார். முதல் டெஸ்டில் நெகட்டிவ் வந்தால் அதோடு முடிந்தது. பாசிட்டிவ் என்றால் வேறு வேறு முறையில் மூன்று டெஸ்டும் ஒத்துப்போனால்தான் உறுதி செய்வார்கள். எங்கேயோ ஒரு லேபில் ஒரே கார்டில் இரண்டு கோடு பார்த்துவிட்டு இடிந்துபோய் உட்காராதீர்கள். தெரிந்தவர் கண்ணில் படுவோம் என்ற பயம் இருந்தால் தாராவிக்காரர் கே.இ.எம் மருத்துவமனைக்கோ நாயர் மருத்துவமனைக்கோ போகலாம், எந்த மையத்திலும் எடுக்கலாம்.

எப்போது எடுப்பது என்பதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். விரலில் குத்தி எடுக்கும் கார்டு டெஸ்ட் உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அது முழுசாகத் தெரிய 3 மாதம் வரை ஆகலாம். லேபில் எடுக்கும் நான்காம் தலைமுறை டெஸ்ட் வைரஸின் துணுக்கையும் சேர்த்துப் பார்ப்பதால் 45 நாளில் நம்பலாம். பெப் எடுத்தவருக்கு இந்த நாட்கள் தள்ளிப்போகும்.

என் காதலருக்கு எச்.ஐ.வி. மருந்தில் இருக்கிறார். வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) 'கண்டறிய முடியவில்லை' என்று வந்திருக்கிறது. நாங்கள் ஒன்றாக இருக்கலாமா? (நெருல்)

இருக்கலாம். அவரிடமிருந்து உறவின் வழியாக உங்களுக்கு எச்.ஐ.வி வராது. பார்ட்னர்-2 ஆய்வில் ஒருவருக்குத் தொற்றுள்ள 782 ஆண் ஜோடிகளைக் கவனித்தார்கள். ஆணுறையில்லாமல் சுமார் 76,000 தடவை உறவு. அந்தத் துணையிடமிருந்து ஒரு தொற்றுகூட இல்லை. 2019இல் வெளியானது. மருந்து தொடங்கி 6 மாதத்தில், 12 மாதத்தில், பிறகு வருஷத்துக்கு ஒருமுறை ஏ.ஆர்.டி மையத்தில் வைரல் லோடு இலவசமாகப் பார்ப்பார்கள். அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். ஊருக்குப் போகும் மாதங்களில்தான் மருந்தில் இடைவெளி விழுகிறது. திருநெல்வேலிக்குப் போகிறார் என்றால் கிளம்பும் முன்பே மையத்தில் சொல்லிக் கூடுதல் மாத்திரை வாங்கச் சொல்லுங்கள்.

ஆசனவாயில் ஒரு புண். வலியே இல்லை, தானாக ஆறிவிட்டது. விட்டுவிடலாமா? (பெயர், ஊர் இல்லை)

விடாதீர்கள். வலிக்காத புண், தானாக ஆறுவது, சிபிலிஸின் முதல் கட்டம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஆறியது புண்தான், நோய் இல்லை. சில வாரத்தில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பாக வரலாம். ஆர்.பி.ஆர் அல்லது வி.டி.ஆர்.எல் ரத்த டெஸ்ட் எடுங்கள். ஆரம்பத்திலேயே என்றால் பென்சாத்தின் பென்சிலின் 24 லட்சம் யூனிட், பிட்டத்தில் ஒருமுறை போடும் ஊசி. அலர்ஜி உண்டா என்று கேட்டுவிட்டுப் போடுவார்கள். சிபிலிஸ் புண் இருக்கும் இடத்தில் எச்.ஐ.வி நுழைவதும் சுலபம்.

கொனோரியா தொண்டையிலும் மலக்குடலிலும் பெரும்பாலும் சத்தமில்லாமல் இருக்கும். சிறுநீரை மட்டும் பார்த்தால் தெரியாது. 'பின்னாலும் தொண்டையிலும் ஸ்வாப் (பஞ்சுக்குச்சியால் மாதிரி) எடுங்கள்' என்று நீங்கள் கேட்டால்தான் எடுப்பார்கள். அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவான சுரக்ஷா கிளினிக்கில் இவற்றுக்கு மருந்து இலவசம். சீழ் வடிதலுக்குச் சாம்பல் நிறப் பொட்டலம், அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்சிம் 400 மில்லிகிராம். முழுசாக எடுக்க வேண்டும், துணைவரும் எடுக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த வாரமே அவரிடமிருந்து திரும்பி வரும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவர்கள் இன்றே ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று.

ஹை ஃபன் (போதைப்பொருளோடு உறவு) பார்ட்டிக்குப் போகிறேன். பாப்பர்ஸும் (முகரும் போதைத் திரவம்) வயாகராவும் சேர்த்து எடுக்கலாமா? (பவாய்)

கூடவே கூடாது. இரண்டுமே ரத்தக்குழாயை விரிப்பவை, சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஒரேயடியாக விழுந்து மயங்கி, உயிரே போகலாம். ஊசி போடுகிற கூட்டத்தில் இருந்தால் உங்கள் சிரிஞ்ச் உங்களுடையதாக மட்டும் இருக்கட்டும், பொருளைக் கரைக்கும் மூடியும் தண்ணீரும்கூட. இரண்டு நாள் தூங்காமல் போகும் பார்ட்டியில் மாத்திரை நேரம் தப்பிவிடும் என்பதால் தினசரி பிரெப்தான் உங்களுக்கு.

ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி வந்துவிட்டதாமே? (செம்பூர்)

லெனகாபவிர். ஆண்கள், திருநர்கள் கலந்துகொண்ட ஆய்வில் ஊசி போட்ட 2,179 பேரில் இருவருக்கு மட்டுமே தொற்று வந்தது. 2025 ஜூனில் அமெரிக்காவில் தடுப்புக்கு அனுமதி கிடைத்தது, ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. மலிவாகத் தயாரிக்க உரிமம் பெற்றவற்றில் இந்திய நிறுவனங்களும் உண்டு. அது வரட்டும் என்று இன்றைய மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள்.

புது வேலையில் மெடிக்கல் செக்கப்பில் சொல்லாமலே எச்.ஐ.வி டெஸ்ட் எடுத்து, இப்போது எச்.ஆர் அழைத்துப் பேசுகிறார். என்ன செய்வது? (ஐரோலி)

ராஜினாமா எழுதித் தராதீர்கள். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி உங்கள் சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கக் கூடாது, வேலைக்கு அதை நிபந்தனையாக வைக்கக் கூடாது, ரிசல்ட்டை இன்னொருவருக்குச் சொல்லக் கூடாது, அதை வைத்து வேலையைவிட்டு நீக்கவும் கூடாது. வாடகை வீட்டுக்கும் இதே பாதுகாப்பு உண்டு. பேசியதையெல்லாம் அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள்: "இன்று காலை என்னிடம் இப்படிச் சொன்னீர்கள், உறுதிப்படுத்துங்கள்" என்று இரண்டு வரி போதும், பின்னால் அதுதான் சாட்சி. 100 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனத்தில் இதற்கென்று புகார் அதிகாரி இருக்க வேண்டும், முதலில் அவருக்கு எழுதுங்கள். பலனில்லை என்றால் அடுத்த வழி பற்றி வடாலாவில் உள்ள மும்பை மாவட்ட எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தில் கேளுங்கள். சிகிச்சை தரும் இடத்தில் சட்டமீறல் நடந்தால் மாநில ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பு அதிகாரி) போகலாம். அவர் 30 நாளுக்குள் உத்தரவு போட வேண்டும், உயிருக்கு அவசரம் என்றால் 24 மணி நேரத்தில்.